ஏற ஏழு மூச்சு, இறங்க இரண்டு

அந்த மலைப்பகுதியின் பரப்பு நானூற்றிருபது சதுர கிலோமீட்டர். ஆட்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேலேயே வரும். அப்படியும் வேலித் தகராறுக்குக் குறைவில்லை. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் அங்கே செம்பு கிடைத்தது. ஆயிரத்து நூறு பேர் வந்து குடியேறினார்கள். பதினெட்டாவது வருடம் செம்பு தீர்ந்ததும் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போனவை இரண்டு: கூரையில்லாத ஒரு சுரங்க ஆபீஸ், கோவேறு கழுதைகளுக்காக வெட்டிய ஒரு பாதை. ஒரே ஒரு பாதை. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாதையின் கீழ் முனையில் தபாலாபீஸ். மேல் முனையில் ஒன்பது வீடுகள். செவ்வாய்க்கிழமைதோறும் தபால் பையோடு ஏறி இறங்கியவள் தபால்காரி. ஆள் குள்ளம். தூரத்திலிருந்து பார்த்தால் பைக்குக் கால் முளைத்து நடப்பது போலிருக்கும்.

ஒன்பதாவது வீடு அவளுடைய அக்காவுடையது. அக்காவுக்கு முழங்கால் மடங்காது. மலையை விட்டு அவள் கீழே இறங்கியே ஆறு வருடம் ஆகியிருந்தது. வாய் மட்டும் பழுதில்லாமல் வேலை செய்தது. வாரம் பூராவும் சேர்த்து வைத்த சண்டையைச் செவ்வாய்க்கிழமை மதியம் தங்கையோடு போட்டுத் தீர்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். தங்கைக்கும் அப்படித்தான். மற்ற ஐந்து நாளும் அவளுக்கு வேறு சரிவுகளில் நடை. ஞாயிற்றுக்கிழமை கால் அவள் பேச்சைக் கேட்காது.

அங்கே தூரத்தை மூச்சில் சொல்வார்கள். சுமையோடு போகிறவர் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்காரும்வரை நடப்பது ஒரு மூச்சு.

ஒரு மழைக்காலத்தில் வரைபடம் போட சர்வேயர் ஒருவர் வந்தார். தபாலாபீஸிலிருந்து பாலம்வரை தபால்காரியையும் கூட்டிக்கொண்டு சமதரையில் அளந்தார். ஒரு மூச்சு, சரியாக ஒரு கிலோமீட்டர். மேலே ஏறத்தான் மழை விடவில்லை. அல்லது அவருக்கு மனம் வரவில்லை.

“மேல் வீடுங்க எவ்வளவு தூரம்மா?” தபாலாபீஸ் அடுப்புக்குப் பக்கத்தில் காலைக் காய வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏற ஏழு மூச்சு சார். இறங்க ரெண்டு.”

குறித்துக்கொண்டார். மறு கேள்வி இல்லை.

நோட்டு நகரத்துக்குப் போனது. அங்கே மேஜையை விட்டு எழுந்து பழக்கமில்லாத வரைவாளர் கணக்குப் போட்டார். ஏழு கிலோமீட்டரில் ஏறும் பாதை, சிவப்பு மை. இரண்டு கிலோமீட்டரில் இறங்கும் பாதை, நீல மை. இரண்டுக்கும் நடுவே இடம் வெறிச்சென்று கிடக்கவே, அழகுக்கு நாலு மரம் வரைந்துவிட்டார்.

மேலதிகாரி படத்தைப் பார்த்தார். ஒன்பது வீட்டுக்கு இரண்டு பாதையா? உத்தரவு பறந்தது. ஏறும் பாதை மூடப்படுகிறது. அதன் வழியே இனித் தபால் போகாது. மேல் வீட்டார் இறங்கும் பாதையில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

“இறங்கி வந்தவங்க திரும்ப எப்படிப் போவாங்களாம்?” என்று கேட்டாள் தபால்காரி.

“அதை உத்தரவுல போடல,” என்றார் போஸ்ட் மாஸ்டர்.

செவ்வாய்க்கிழமை போனால் அக்காவும் போனாள்.

அடுத்த செவ்வாய் சர்வேயரே ஓர் இரும்புப் பலகையோடு வந்து நின்றார். ‘ஏறும் பாதை மூடப்பட்டது’ என்று எழுதியிருந்தது. மேல் முனையில் அதை நட வேண்டுமாம்.

“கடைசித் தபாலைக் கொடுத்துட்டு வந்துடறேன், வாங்க சார். பலகையை நீங்களே தூக்கிக்குங்க, என் பை நிறைஞ்சிருக்கு.”

“ஏறும் பாதை எங்கம்மா ஆரம்பிக்குது?”

“நீங்க நிக்கிறது அதுலதான்.”

“அப்ப இறங்கும் பாதை?”

“அதுலயும்தான் நிக்கிறீங்க.”

அவர் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். அதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் திருப்பத்திலேயே பலகையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். “ஒண்ணு,” என்றாள். சுரங்க ஆபீஸ் சுவரருகே “மூணு.” ஐந்துக்கு மேல் பலகையைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தார். “ஏழு” என்று அவள் முடித்தபோது, அக்கா வீட்டு வாசலில் பலகையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“யாருடி இவரு, எவன் வீட்டுக் கதவையோ கழட்டிட்டு வந்திருக்காரு?” என்றாள் அக்கா.

“உன் பக்கம் யாரும் வரக் கூடாதுன்னு போர்டு வைக்க வந்திருக்காருக்கா.”

“அதுக்குப் போர்டு எதுக்கு? என் வாய் பத்தாதா?”

இரண்டு சொம்புத் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் சர்வேயருக்குக் குரல் வந்தது. “ரெண்டும் ஒரே பாதைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?”

“தூரம்தானே கேட்டீங்க? எத்தனை பாதைன்னு கேக்கலையே சார்.”

படம் தப்பு என்று எழுதினால், தான் அன்று மலை ஏறவில்லை என்பதையும் எழுத வேண்டும். பலகையைத் திருப்பிக் கொண்டுபோனாலோ தோள் தாங்காது. அவர் படத்தைத் தரையில் விரித்து, விரலை வைத்துச் சிவப்புக் கோட்டைத் தேடினார். அதன் மேல் முனை, அக்காவின் ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. அங்கேயே குழி தோண்டி நட்டார்.

அவருடைய அறிக்கை இரண்டே வரி: ‘பலகை, வரைபடம் காட்டும் இடத்தில் நடப்பட்டது. தபால் இனி இறங்கும் பாதை வழியாகவே மேலே செல்லும்.’ ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இறங்கும்போது இரண்டே தடவைதான் உட்கார்ந்தார். அதையும் அவள் எண்ணிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பையை ஒப்படைக்கும்வரை அவளுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொரு செவ்வாய்க்கிழமைகள் கிடைத்தன. மண்சரிவில் போனவை நாற்பத்தொன்று. மிச்சம் தொள்ளாயிரத்து ஐம்பது நாளும் தபாலாபீஸ் பதிவேட்டில் ஒரே வாசகம்தான்: ‘இறங்கும் பாதை வழியாக ஏறினார்.’ மேலிடத்திலிருந்து ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பலகையில் அக்கா கம்பளி காயப்போட்டாள். செவ்வாய்க்கிழமை பையின் தலை தெரிந்ததும் கம்பளியைச் சற்று விலக்கி எழுத்தைக் காட்டுவாள்.

“கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதைப் பார்த்துமா ஏறி வர்ற?”

“ஏறலக்கா, இறங்கிக்கிட்டுதான் இருக்கேன்,” என்று பையை இறக்கிவைப்பாள் தங்கை. அதற்கப்புறம் அந்த வாரத்துச் சண்டை ஆரம்பமாகும்.