லேசா ஏதாவது

பள்ளிக்கூடத்தில் அவளைப் பியானோ டீச்சர் என்றால்தான் யாருக்கும் தெரியும். ஊரார் பிள்ளைகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டையில் வைப்பதே பிழைப்பு. அதை அவள் குறையாகச் சொன்னதில்லை. புகுந்த வீட்டில் ஒருவர்கூட இத்தனை வருஷத்தில் உட்கார்ந்து அவள் வாசிப்பைக் கேட்டதில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. வீட்டில் அவள் வாசிக்க ஆரம்பித்தால் கணவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்பார்.

அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து நாத்தனார் போன் செய்தாள். வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம், வீட்டிலேயே விருந்தாம். "நீ வந்து லேசா ஏதாவது வாசிம்மா, போதும்" என்றாள். டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இசையில் பட்டம் வாங்கியவளிடம் சுலபமானதாகப் பார்த்து வாசி என்றால் என்ன அர்த்தம்? ஆனாலும், கூப்பிட்டுவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

பாட்டுத் தேடும் படலம் தொடங்கியது. கேட்பவர்கள் கொட்டாவி விடும் நீளமானவற்றை முதலிலேயே கழித்துக்கட்டினாள். நாத்தனார் வீட்டுக்காரர் சவரம் செய்யும்போது முணுமுணுக்கும் பழைய சினிமாப் பாட்டைச் சேர்த்தாள். காலைத் தானாகத் தாளம் போட வைக்கும் ஒரு வால்ட்ஸ் நடன மெட்டு. முடியும்போது, முடிந்துவிட்டது, கைதட்டுங்கள் என்று தானே சொல்லிவிடும் ஒரு துள்ளல் மெட்டு. சுலபம் என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் ஒருநாள் வாசித்துப் பார்க்கட்டும். எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் ஒரு விரல் பிசகினால் கைக்குழந்தைக்கும் தெரிந்துவிடும். இட்லிக்கு மாவு அரைப்பதற்குப் பதில் விரல்களைத்தான் அரைக்கிறாள் என்று கணவர் கிண்டல் செய்யும் அளவுக்கு உழைத்தாள்.

விருந்தன்று, நாத்தனார் மகள் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மின்பியானோவை ஃப்ரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இழுத்து வைத்திருந்தார்கள். டீச்சர் சினிமாப் பாட்டில் இரண்டு வரி தாண்டியிருக்க மாட்டாள். நாத்தனார் சிரித்த முகத்தோடு வந்து சத்தத்தைக் கூட்டும் திருகைப் பிடித்துக் குறைத்தாள்.

"லேசான்னுதானே சொன்னேன்? பேசுறது காதுலயே விழலைம்மா."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு லேசாக இருக்க வேண்டும் என்று இவள் நினைத்தாள். சத்தம் லேசாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். பாழாய்ப்போன அந்த ஒரு வார்த்தையை நம்பி இவள் பாட்டுகளைச் சலித்துச் சலித்து எடுத்திருக்கிறாள். எதை வாசித்திருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். இதற்கு ஒரு மின்விசிறியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாமே!

வால்ட்ஸின்போது யாரோ திருகை இன்னும் குறைத்தார்கள். துள்ளல் மெட்டின்போது எவரோ எச்சில் தட்டைப் பியானோவின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். டீச்சர் தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். திருகைத் தன் கையாலேயே கடைசிவரை இறக்கினாள். பிறகு, தனக்குத் தெரிந்ததிலேயே கஷ்டமான ஒன்றை, ஒரு சுரம் விடாமல், முழுதாக வாசித்தாள். கட்டைகள் டக் டக் என்றதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவள் கையை எடுத்ததும் நாத்தனார் கைதட்டினாள், எல்லாரும் தட்டினார்கள். கணவர் பல்லெல்லாம் தெரிய அருகில் வந்தார்.

"கடைசியா ஒண்ணு வாசிச்சியே, அதுதான் பிரமாதம்."

மற்றவர்களை அவள் மன்னித்திருப்பாள். இந்த மனிதரை எப்படி மன்னிப்பது?

"அதுக்குச் சத்தமே இல்லைங்க," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "சுத்தமா குறைச்சு வச்சுட்டுத்தான் வாசிச்சேன்."

அன்று முதல் தடவையாக அந்தக் கூடம் வாயை மூடியது. அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். இப்போது வாசித்தால் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போனாள்.