கட்டாந்தரைக்கு ஆள் சேர்த்த கதை

போன வாரம் ஒரு சர்ட்டிபிகேட்டுக்காகப் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய்விட்டது. மேசைக்கு அடியில் இருந்த யுபிஎஸ் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. அங்கிருந்தவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருத்தர் கையிலிருந்த காகிதத்தால் விசிறிக்கொண்டார், கிளார்க் டீ குடிக்கப் போனார். நான் மட்டும் எழுந்தே நின்றுவிட்டேன். "இப்ப வந்திரும் சேச்சி, இருங்க" என்றாள் பக்கத்திலிருந்த பெண். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு ஊரே அழியப்போகிறது என்று பதறிய காலம் ஒன்று எனக்கு இருந்தது. அதை அவளிடம் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

அந்த ஊரின் பெயர் கட்டாந்தரை. கம்ப்யூட்டருக்குள் இருந்த ஊர். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, பாலம், மலை என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம், பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே வரலாம் என்று ஒரு விளையாட்டு. அதற்கு நாங்களே ஒரு சர்வர், அதாவது அந்த ஊரைத் தாங்கும் மெஷின், நடத்தினோம். நாங்கள் என்றால் நானும், என்னோடு காலேஜில் படித்த ரபீக்கும். நான் எருத்தேன்பதியில் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். ரபீக்கின் வாப்பாவுக்கு முதலமடையில் செல்போன் கடை. சர்வர் அந்தக் கடையின் பின்னறையில் ஓடியது. பக்கத்துக் கட்டடம் மாங்காய் மண்டி. இன்றைக்கும் பழுத்த மாம்பழ வாசனையோடு கொஞ்சம் சூடான தூசி வாசனையும் சேர்ந்தால்தான் எனக்கு அது மாம்பழ சீசன்.

ஊருக்குப் பெயர் வைத்தது நான்தான். எங்கள் பக்கம் மழை அவ்வளவு கம்மி, வேறு பெயர் தோன்றவில்லை. "இந்தப் பேரைப் பாத்து எவன் வருவான்?" என்றான் ரபீக். அவன் சொன்னது சரி. யாரும் வரவில்லை.

வந்தவர்களும் நிற்கவில்லை என்பதுதான் பெரிய கவலை. ஒருவன் உள்ளே வருவான், நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பான், ஆளே இல்லை என்று தெரிந்ததும் போய்விடுவான். ஆள் இல்லாத ஊர் என்பதால் யாரும் தங்குவதில்லை, யாரும் தங்காததால் ஆள் இல்லை. ரபீக் வருகிறவர்களுக்கெல்லாம் தங்கக்கட்டியும் வைரக்கோடாலியும் சும்மா கொடுத்துப் பார்த்தான். வாங்கிக்கொண்டு நன்றியோடு போனார்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பேன். "என்ன கண்ணு, ஆளு வந்தாங்களா?" என்று அப்பா கேட்பார், தேங்காய் பறிக்க ஆள் கேட்பது போலவே.

பிறகு தற்செயலாக ஒன்று நடந்தது. நான் ஒரு சுவரைக் கட்டிக்கொண்டிருந்தபோது புதிதாக ஒருத்தர் வந்தார். "இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்களேன்" என்று எழுதினேன். அவர் பிடித்தார். மறுநாள் அந்தச் சுவர் முடிந்ததா என்று பார்க்க மறுபடி வந்தார். அன்றிலிருந்து ஊர் வாசலில் எப்போதும் ஏதாவது ஒரு சுவரைப் பாதியில் விட்டு வைத்தோம். வருகிறவரை எந்த ஊர் என்று கேட்டு, ஒரு வேலையைக் கொடுத்து, ஏற்கனவே யாராவது குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் காட்டுவோம். சும்மா கொடுத்ததை வாங்கியவர்கள் மறந்துவிட்டார்கள், கை வைத்த சுவரை மறக்கவில்லை. மெல்ல மெல்லக் கட்டாந்தரையில் விளக்குகள் கூடின.

அப்படி வந்தவள்தான் மாரி. உடும்பஞ்சோலையில் ஏலக்காய் எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பெண், தபாலில் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள். டீக்கடைக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தால்தான் அவள் போனுக்கு நெட்வொர்க் கிடைக்கும். அவள் பேசும்போது பின்னால் எப்போதும் காற்றுச் சத்தம் இருக்கும். "அக்கா, மேட்டுல வீடு கட்டலாமா?" என்று கேட்டாள். எங்களிடம் மேடு ஏது? அவளே ஒரு மலையைக் கட்டினாள். அதன்மேல் வரிசையாக ஒரே மாதிரி சின்னச் சின்ன வீடுகள். அவள் பிறந்து வளர்ந்த எஸ்டேட் லயம் அது. நிஜ லயத்தில் மழையில் மண் விரிசல் விட்டதால் எல்லோரையும் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்க வைத்திருந்தார்கள். திரும்பிப் போக முடியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அவள் அம்மாவும் பாறைக்கு ஏறி வந்து பக்கத்தில் உட்காருவார். "கூரை இன்னுங் கொஞ்சம் தாழ்வு பிள்ள. குனிஞ்சுல்லா போவோம்" என்று அவர் சொல்வது எங்களுக்கும் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டு வீடியோ போடும் ஒருத்தர் எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டி ஒரு வீடியோ போட்டார். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ரபீக் சந்தோஷத்தில் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். இரண்டு நாள்தான் அந்தச் சந்தோஷம். வந்தவர்கள் பாலத்தை உடைத்தார்கள், ஆற்றங்கரை வீடுகளைக் கொளுத்தினார்கள். நாங்கள் ஒருவனை வெளியே தள்ளினால் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கும் மேலாக அந்த வீடியோக்காரர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரலையில் மலை ஊரைக் குண்டு வைத்துத் தூளாக்கப்போவதாக அறிவித்துவிட்டார்.

அவர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "ஏனுங்க, அது ஒருத்தங்க ஊடுங்க."

"கேம்ல எல்லாமே ஒருத்தங்க வீடுதானுங்களே. உங்களுக்கும் விளம்பரந்தான?" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பூட்டிரலாம். பழைய ஆளுகளை மட்டும் உள்ள விடலாம்" என்றான் ரபீக். எனக்கு மனசு வரவில்லை. எவ்வளவு காலம் காத்திருந்து வந்த கூட்டம்! அதிலும் சில பேர் ஒழுங்காக வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பூட்டினால் அவர்களும் வெளியே. பூட்டாவிட்டால் மாரியின் மலை போய்விடும். கடைசியில் அவளிடமே கேட்டேன்.

"பூட்டாதீகக்கா. வாரவுகள நானே கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே முதலமடைக்குப் போய்விட்டேன். நேரலை தொடங்கியதும் ஏகப்பட்ட பேர் கையில் குண்டோடு மலை ஏறினார்கள். லயத்தின் முன்னால் மாரி தனியாக நின்றாள். "வாங்க வாங்க, படி சின்னது, பாத்து" என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அழைப்பது போல. "இது பேச்சியக்கா வீடு. லயத்துலயே இங்கனதான் வெளிச்சம் நல்லாருக்கும், பிள்ளைக எல்லாம் இங்க வந்துதான் படிப்போம். இது எங்க வீடு. அம்மா பக்கத்துலதான் இருக்காக, பேசுதீகளா?"

"யாருய்யா அது? எந்த ஊரு?" என்றது அம்மாவின் குரல்.

ஒரு பையன், "பொள்ளாச்சிங்க" என்றான்.

"சாப்பிட்டியாய்யா?"

சில பேர் சிரித்தார்கள். சில பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து முதலமடையில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. அத்தனை பேர் உள்ளே இருக்கும்போது மெஷின் அணைந்தால் ஊர்க் கோப்பே கெட்டுப்போகலாம், பிறகு உடைக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. பேட்டரி கொஞ்சம் தாங்கட்டும் என்று ரபீக், யுபிஎஸ்ஸில் செருகியிருந்த மற்ற ஒயர்களையெல்லாம் பிடுங்கினான். ஊரைச் சேமிக்கும் கட்டளையைத் தட்டினேன், அவசரத்தில் எழுத்துத் தப்பியது. மறுபடி தட்டினேன். திரையில் சேமித்தாயிற்று என்று வருவதற்கும் ஸ்பீக்கரில் வெடிச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

புகை அடங்கியபோது லயத்தின் ஒரு கோடி இல்லை. மாரியின் வீடும் அதில்தான் இருந்தது. வீடியோக்காரர் கையசைத்துவிட்டுப் போனார், கூட்டத்தில் பெரும்பகுதியும் அவர் பின்னாலேயே போனது. மற்ற வீடுகள் தப்பித்ததற்குக் காரணம், அங்கே நின்றவர்கள் குண்டைக் கீழே வைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டதுதான். பொள்ளாச்சிப் பையன் "சாரிங்கம்மா" என்று எழுதியிருந்தான்.

கரண்ட் வந்தது. "மாரி, இப்பச் சேமிச்சதுல வெடியும் சேந்திருச்சு. காலைல தனியா எடுத்து வெச்ச ஊர்க் காப்பி இருக்குது. அதைத் திருப்பிப் போட்டரட்டுமா?" என்று கேட்டேன்.

"போட்டா, இன்னைக்குப் புதுசா வந்த பிள்ளைக கட்டுனது எல்லாம் போயிருமாக்கா?"

"போயிரும்."

"அப்ப வேண்டாம்" என்றாள். பள்ளத்தில் இறங்கி ஒரு கல்லை வைத்தாள். அடுத்த கல்லைப் பொள்ளாச்சிப் பையன் வைத்தான். பிறகு இன்னும் சில பேர் இறங்கினார்கள். "அடுப்பு அந்த மூலையில இல்லய்யா" என்று அம்மா திருத்திக்கொண்டே இருந்தார். ரபீக் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதான். தூசி என்றான்.

அன்றைக்கு இறங்கியவர்கள்தான் கடைசிவரை எங்களோடு இருந்தார்கள். ஆனால் கடைசி என்று ஒன்று வரத்தானே செய்தது. ஒவ்வொருத்தராக வேலைக்குப் போனார்கள். ரபீக் ஷார்ஜாவுக்குப் போனான். கடையை வாடகைக்கு விட்டபோது மெஷினைப் பரணில் ஏற்றியிருந்தார்கள். ஒழுகிய மழையில் டிஸ்க் போய்விட்டது. எல்லாக் காப்பியும் அதிலேயேதான் இருந்தது. கோயமுத்தூரில் இரண்டு இடத்தில் காட்டினேன், கையை விரித்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் மாரி கூப்பிட்டாள். இப்போது திருப்பூரில் கணக்கு எழுதுகிறாளாம், அம்மாவும் கூடத்தான் இருக்கிறாராம். எஸ்டேட்டில் அந்த லயத்தை இடித்து, டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டிவிட்டார்களாம். "நம்ம ஊர ஒரு தடவ ஓட்டிக் காட்டுதீகளாக்கா? அம்மா கேட்டுக்கிட்டே இருக்காக."

டிஸ்க் போன விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன்கள் கேட்டன.

"ஐயோ அக்கா, அம்மாகிட்ட அது பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டேனே."