லீமாரோஸின் மூக்கும் வெள்ளிக்கிழமைக் கருவாடும்

பாம்பன் லீமாரோஸ் சைவமாகிவிட்டாள் என்று ஒரு பேச்சு. மண்டபத்து டீக்கடையில் கிளம்பிய அந்தப் பேச்சு, உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் கையும் காலும் முளைத்துவிட்டது. முட்டைகூடத் தொடாத பழங்காசு வியாபாரி குருநாதன்தான் அவளை மாற்றினார் என்றார்கள். மீன் சட்டியைத் தெருவில் போட்டு உடைத்தாள் என்றார்கள். புருஷன் பிரடெரிக் தன் அக்கா வீட்டில் போய்ச் சாப்பிடுகிறான் என்றார்கள். இதில் கடைசிச் சேதி மட்டும் உண்மை. அவன் தட்டை ஏந்திக்கொண்டு அக்கா வீட்டு அடுப்படியில் நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். மற்றதெல்லாம் கதை. நடந்தது வேறு, அதைக் கேளுங்கள்.

லீமாரோஸ் பழைய காசை வாங்கியதும் பார்க்கமாட்டாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குளிருக்குக் கை தேய்ப்பதுபோலப் பரபரவென்று தேய்ப்பாள். காசு சூடானதும் கண்ணை மூடி, இடது மூக்கால் ஓர் இழுப்பு. வலது மூக்கை அவள் நம்புவதில்லை. "அது சளி மூக்கு. பொய் சொல்லும்" என்பாள். அதற்குப் பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நந்தி எங்கே, 'சேது' என்ற எழுத்து எங்கே என்று பார்ப்பது. காசு பார்க்கிற நாளில் தலையில் பூ கிடையாது, முகத்தில் பவுடர் கிடையாது. யாராவது காசைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தால் தொலைந்தார்கள். "குளிப்பாட்டிக் கூட்டியாந்துருக்கியளோ? பொட்டும் வச்சுக் கொண்டாந்தா கட்டிக் குடுத்துரலாம்" என்று திருப்பிவிடுவாள்.

இந்த மூக்கு வந்த வழி சுவாரசியமானது. கல்யாணமான நாளிலிருந்து கருவாட்டுத் தொட்டியில் வேலை பார்த்தவள் அவள். கடலோரத்தில் கிடைக்கும் செப்புக்காசுக்கு வெளியூரில் கிராக்கி ஏறியதும், சில கெட்டிக்காரர்கள் புதுசாக வார்த்த காசைக் கருவாட்டுத் தொட்டியின் உப்புத் தண்ணீரில் ஊறப்போட ஆரம்பித்தார்கள். ஒரு மழைக்காலம் ஊறினால் போதும், பச்சை பூத்து, பாட்டன் காலத்துக் காசுபோல எழுந்து வரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தேய்த்துச் சூடாக்கினால் பச்சைக்கு அடியில் கிடக்கிற கருவாடு மூச்சு விடும். அந்த மூச்சை முதலில் பிடித்தது லீமாரோஸ். "இது மண்டபத்துத் தொட்டி, சூடை போட்டது" என்று மீன் பெயர் வரைக்கும் சொல்லுவாள். அதில் பாதி உண்மை, பாதி ஜம்பம். அடக்கத்துக்கும் அவளுக்கும் ஆகாது.

முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை மட்டும் காசு பார்ப்பாள். அவள் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வந்தால்தான் காசை வாங்குவோம் என்று மதுரை, சென்னை ஆட்கள் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கினார்கள். காசு வாங்குகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏலம் சனிக்கிழமை நடக்கும். அதற்கு முந்தின நாளும் பார்த்துக் கொடுத்தால்தான் தோதுப்படும் என்று குருநாதன் வந்து நின்றார். வெள்ளிக்கிழமையும் சேர்ந்தது. அங்கேதான் வினை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் கறி கிடையாது. மாதா கோயிலுக்குப் போய்வந்து வாளைக் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டை அலசி, நறுக்கி, தாளித்துவிட்டு, அதே கையோடு காசு பார்க்க உட்கார்ந்தாள் லீமாரோஸ்.

அவளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தனக்கு நன்றாகத் தெரிந்த நல்ல காசு ஒன்று, கள்ளக்காசு ஒன்று, இரண்டையும் ஒரு சிப்பியில் போட்டு வைத்திருப்பாள். அவள் முதுகைத் திருப்பிக்கொள்ள, சின்ன நாத்தனார் பிரெசில்லா அவற்றை மற்ற காசுகளுக்குள் கலந்துவிட வேண்டும். தன்னைத் தானே வேவு பார்க்கிற ஏற்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கள்ளக்காசைத் தேய்த்து மோந்துவிட்டு, நல்ல காசுப் பக்கம் போட்டாள். பிரெசில்லா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"மதினி, இது நம்ம சிப்பிக் காசு."

லீமாரோஸ் நம்பவில்லை. நீ மாற்றிப் போட்டுவிட்டாய் என்று சண்டைக்குப் போனாள். அடுத்த செவ்வாயில் அதே காசைக் கள்ளம் என்றாள். அடுத்த வெள்ளியில் மறுபடியும் நல்லது என்றாள். மூக்கு போய்விட்டது, இனி தொட்டி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்போது இடியாப்பம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு நஃபீசா, வாசல்படியிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"யா அல்லா, என்னக்கா இது, வீடே வாளக் கருவாடா மணக்குது. உள்ள உக்காந்து ஒங்களுக்குத் தெரியலயா?"

லீமாரோஸ் நிமிர்ந்து நஃபீசாவைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பிறகு தன் கையை மோந்து பார்த்தாள். ஊரே கருவாடாக இருக்கும்போது காசில் உள்ள கருவாடு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பியிருப்பேன். குருநாதனும் அதைத்தான் சொன்னார். வெளியே தெரிந்தால் சீட்டுக்கே மதிப்பு போய்விடும், கமுக்கமாக இரு தங்கச்சி என்று கெஞ்சினார். லீமாரோஸ் அவர் போனையே வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பதிவு போட்டாள்.

"பாம்பன் லீமாரோஸ் பேசுறேன். வெள்ளிக்கெழம தேதி போட்ட சீட்டு எதையும் நம்பாதீக. காச அனுப்புங்க, திரும்பப் பாத்துத் தாரேன். செவ்வாக்கெழமச் சீட்டு அப்படியே நிக்கும்."

குழு கொதித்தது. கிராக்கி கூடினால் எந்த நிபுணரும் இப்படித்தான் ஆளுக்கொன்று நேரத்துக்கொன்று சொல்வார் என்று ஒருவர் நீளமாக எழுதினார். மூக்கை நம்பி முதல் போட்டோமே என்று இன்னொருவர் அழுதார். ராமநாதபுரம் காசுக் கண்காட்சியில் எல்லார் முன்னாலும் வைத்துப் பார்த்துவிடுவோம், மாற்றிச் சொன்னால் இனி அந்தச் சீட்டு செல்லாது என்று முடிவானது. லீமாரோஸ் ஒத்துக்கொண்டாள். ஆனால் தனியாக வரமாட்டேன் என்றாள். கூட்டம் பெருகினால் ஒரு மூக்கு தாங்காது. பிரெசில்லாவும் நஃபீசாவும் கூட வருவார்கள், மூன்று பேரும் ஒன்றுபோலச் சொன்னால்தான் சீட்டு, ஒருத்தி மாறினாலும் 'தெரியல' என்று சீட்டு.

அன்றிலிருந்து மூன்று வீட்டிலும் கருவாடு நின்றது. லீமாரோஸ் செவ்வாய்க்கிழமைக் காசுகளையே இரண்டு பேருக்கும் கொடுத்துப் பழக்கினாள். நஃபீசாவுக்கு லேசில் படிந்துவிட்டது. பிரெசில்லா காசை மோந்தால் தும்முவாள். தும்மினால் கள்ளம் என்றே வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். முறத்தால் அடிக்க வந்தார்கள். சைவப் பேச்சு கிளம்பியது இந்தச் சமயத்தில்தான். கருவாடு இல்லாத குழம்பைப் பிரடெரிக் இரண்டு வேளை தாங்கினான். மூன்றாவது வேளை தட்டோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

கண்காட்சி நாள். கண்காட்சிக் கூடத்தின் மூன்று மூலையில் மூவரையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் மூன்று கிண்ணம்: நல்லது, கள்ளம், தெரியல. லீமாரோஸ் போன வருஷம் சீட்டுக் கொடுத்த காசுகள், புதுக் காசுகள், கள்ளக்காசுகள் எல்லாவற்றையும் கலந்து, ஒவ்வொன்றாக மூலைக்கு மூலை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சில காசு ஒரே மூலைக்கு இரண்டு தடவை போனது. பிரெசில்லாவின் தும்மல் மட்டும் கேட்டது.

ஒரு காசு இரண்டாம் தடவை வந்தபோது லீமாரோஸ் திரும்பாமலே சொன்னாள். "இவுக முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாக. கால் வலிக்கப் போகுது, உக்காரச் சொல்லுங்க."

கிண்ணங்களைக் கொட்டி ஒப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமைக் காசு ஒன்றுகூட மாறவில்லை. இரண்டு தடவை போன காசு இரண்டு தடவையும் ஒரே கிண்ணத்தில் கிடந்தது. மூவருக்கும் ஒத்துவராத ஒன்றிரண்டு, பேசிவைத்தபடி 'தெரியல' சீட்டு வாங்கிக்கொண்டது. மூன்று 'கள்ளம்' கிண்ணத்திலும் போய் விழுந்த ஒரு காசைக் குருநாதன் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அது அவர் லீமாரோஸுக்குத் திருப்பி அனுப்பாமல் ஒளித்துவைத்து, அன்று மற்ற காசுகளோடு கலந்துவிட்ட வெள்ளிக்கிழமைக் காசு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்தான் முதலில் கை தட்டினார். அதற்குப் பிறகு கூடமே தட்டியது. நீளமாக எழுதியவரும் தட்டினார். தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சீட்டு வாங்க வரிசையில் முதல் ஆளாக நின்றவரும் அவர்தான். வேலை முடிந்தது, இனி செவ்வாய்க்கிழமை பாம்பனுக்கு வாருங்கள் என்று லீமாரோஸ் அவரைத் திருப்பி அனுப்பினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவளுக்கென்று தனியாக ஓர் இலை. பருப்பு, சாம்பார், அவியல், பாயசம். அக்கா சைவமாயிட்டாகன்னு கேள்விப்பட்டோம், அதான் கலக்காம வச்சிருக்கோம் என்று பரிமாறுகிறவர் பயபக்தியோடு சொன்னார். எதிர் இலையில் குருநாதன் பெருமையாகத் தலையாட்டினார்.

லீமாரோஸ் வாசல் பக்கம் பார்த்தாள். பிரடெரிக் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தான், முகமெல்லாம் பல். அவள் அதை வாங்கி மூடியைத் திறந்தாள். வறுத்த நெத்திலிக் கருவாட்டு வாசம் பந்தி முழுக்கப் பரவியது. குருநாதன் துண்டால் மூக்கைப் பொத்தி, தன் இலையை இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். லீமாரோஸ் ஒரு கை நிறைய அள்ளிச் சாம்பார் சோற்றின் தலையில் கவிழ்த்தாள்.

"சைவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விரதம் இருந்தது மூக்கு. வாயி எப்பவும்போலத்தான் இருக்கு."