கன்னியம்மாவுக்குப் பேய் வேஷம்தான் கொடுத்தார்கள்

செய்தி எனக்குச் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் கிடைத்தது. கடையில் தொங்கிய மாலைப் பத்திரிகையில் 'பேய் நடிகை மரணம்' என்று கொட்டை எழுத்து. கீழே கன்னியம்மாவின் படம்: தலைமயிரை விரித்து, கண்ணைச் சுற்றி மை அப்பி, பல்லைக் காட்டியபடி. மஞ்சள் காமாலையில் போனாள் என்று உள்ளே இரண்டு வரி. நம் நாடகக் குழுவில் அவளோடு மேடை ஏறிய நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடப்பாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போனபோது, அவள் தம்பி அதே பத்திரிகையைக் கையில் வைத்திருந்தான். "அக்கா, இவுங்களுக்கு வேற போட்டோவே கெடைக்கிலியா?" என்றான்.

அவள் சிரிக்க வைக்கப் பிறந்தவள். நம் நாடகத்தில் மீன்காரியாக வந்து, வக்கீலிடம் ஒரு கெளுத்திக்குப் பேரம் பேசுவாளே, நினைவிருக்கிறதா? கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவாள். அந்த ஒரு மூச்சுக்கே கொட்டகை அதிரும்.

எழுபத்திரண்டு வாக்கில் ஒரு சினிமா கம்பெனி ஆலம்பரைக் கோட்டையில் படம் எடுக்க வந்தது. நாங்கள் இருவரும் வேஷம் கேட்டுப் போனோம். எனக்குக் கதாநாயகியின் தோழி வேஷம் கிடைத்தது. கன்னியம்மா சிரிப்பு வேஷம் கேட்டாள். டைரக்டர் அவளுடைய நீண்ட கூந்தலைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். "உனக்குப் பேய்தாம்மா பொருத்தம்" என்றார்.

"ஏன் சார், செவப்பா இருக்கறவங்க செத்தா பேயாவ மாட்டாங்களா?"

யூனிட்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். வேறு வேஷம் யார் தரப்போகிறார்கள்?

பேய் வரும் காட்சிகளை உச்சி வெயிலில்தான் எடுத்தார்கள். கேமரா முன்னால் சிவப்புக் கண்ணாடியைச் சொருகினால் வெயில் நிலவாகிவிடுமாம். சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு மெதுவாக மிதந்து வர வேண்டும். பேய்க்குச் செருப்பு கூடாது. கதாநாயகி குடை நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

கதை இதுதான். ஜமீன்தார் மகன் ஒரு ஏழைப் பெண்ணைக் கெடுத்துக் கிணற்றில் தள்ளிவிடுகிறான். அவள் பேயாக வருகிறாள். மந்திரவாதி அவளைப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டுகிறான். ஜமீன்தார் மகன் திருந்தி, கதாநாயகியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். சுபம்.

கடைசிக் காட்சி எடுக்கிற அன்று கன்னியம்மா நேராக டைரக்டரிடம் போனாள். "கொன்னவன் மாலைய போட்டுகினு போறான். செத்தவளுக்கு எதுக்கு சார் ஆணி?"

"ஜனங்க அதைப் பாக்கத்தாம்மா வராங்க."

"அப்போ ஆணி அடிக்கறதுக்கு முன்ன, என்னக் கொன்னது இவன்தான்னு ஒரே ஒரு வார்த்த நான் சொல்லிக்கறேன். ஊரு முன்னால."

அவர் அலுத்துக்கொண்டு சம்மதித்தார். அவள் சொன்னாள். விளக்குப் பிடித்தவர்கள்கூட வேலையை மறந்து நின்றார்கள்.

படம் வந்ததும் செங்கல்பட்டில் பகல் ஆட்டத்துக்குப் போனோம். அந்த வார்த்தை இல்லை. வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரே அலறல், அதுவும் வேறு யாரோ கொடுத்த குரல். வெளியே வந்ததும், "கத்தறதுகூட என்னுது இல்லடி" என்றாள். அதன் பிறகு வந்த படங்களிலும் பேய்தான். எல்லாவற்றிலும் வேறு ஆள் குரல்தான்.

இதெல்லாம் சினிமாவோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அந்த முதல் படம் வந்த அடுத்த ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அவளோடு கடப்பாக்கம் போனேன். பக்கத்துக் குப்பத்தில் ஒரே கூட்டம். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் சில நாளாக யாரோடும் பேசவில்லை என்று, கையைக் கட்டி உட்கார வைத்து வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "யாரு நீ? சொல்லு!" என்று பூசாரி கேட்டது அப்படியே அந்தப் படத்தின் வசனம். "ஆணி அடிச்சாதான் போவும். படத்துல பாத்தமே" என்றாள் மாமியார்.

கன்னியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பெண்ணை மறைத்து உட்கார்ந்து, பூசாரியைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் படத்துல வந்த பேயி நான்தான். நல்லா பாத்துக்க. அடிக்கறதுன்னா என்ன அடி."

பூசாரியின் கை நின்றது. ஆளை அடையாளம் கண்டுகொண்ட பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கன்னியம்மா பெண் பக்கம் திரும்பி, "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று மெல்லக் கேட்டாள். பெண் வாய் திறந்தாள். "குடிச்சுட்டு வந்து கட்டைல அடிக்கறாருக்கா." ரவிக்கையை விலக்கி முதுகைக் காட்டினாள். அன்றைக்கே அவளைப் பஸ்ஸில் ஏற்றி, கேளம்பாக்கத்தில் தாய் வீட்டில் விட்டோம்.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஐப்பசிக்குள் பெரியவர்கள் கூடிப் பேசி அந்தப் பெண்ணைப் புருஷனிடமே திருப்பி அனுப்பினார்கள். தடுக்கப் போன கன்னியம்மாவை, "பேயாட்டம் நடிச்சு நடிச்சு இதுக்கே புடிச்சிடுச்சு" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நானும் உடன் நின்றேன். கதவு சாத்தியே இருந்தது. எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

அவளை நல்லவள், பொறுமைசாலி என்றெல்லாம் இரங்கல் கூட்டத்தில் சொன்னார்கள். பொறுமைசாலியா? அவளுக்கு இருந்தது கோபம். அதைத்தான் நான் அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு புதுப் பேய்ப் படத்துக்குப் போனேன். வெள்ளைப் புடவை திரையில் வந்ததும் பெண்கள் பக்கம் முழுக்க வீறிட்டது. நான் சத்தமாகவே கேட்டேன்: "அவள யாரு கொன்னாங்க? அத மொதல்ல சொல்லுங்க!"

முன் வரிசையில் ஒருத்தி திரும்பி முறைத்தாள். "இன்னாம்மா பேஜாரு, படம் பாக்க வுடு" என்றாள்.

நான் மறுபடியும் கேட்டேன்.