பிட்யூட்டரிக்கு வந்த சோம்பல்

போன செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோர்மோன் டொக்டரின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். என் சகலன் தருமண்ணை, அவர் மனைவி சறோ மச்சாள், கார் ஓட்டிக்கொண்டு போன பாவத்துக்கு நான்.

தருமண்ணைக்கு அறுபத்தாறு வயது. புத்தூரில் வெங்காயத் தோட்டம். தண்ணீர் இறைக்கிற மிஷினைத் தனியாளாகத் தூக்கி வைக்கிற மனுஷன், கொஞ்சக் காலமாகக் கதிரையை விட்டு எழும்புவதில்லை. சாப்பிட்டால் நித்திரை. சாப்பிடாவிட்டாலும் நித்திரை. கனடாவிலிருக்கும் மகன் ரூபனுக்கு போனில் ஒரே பாட்டு – "அப்பா, தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுத்திட்டு இஞ்சை வாங்கோ."

அந்தக் கதையைக் கேட்டாலே தருமண்ணைக்குப் பயம். குளிரைக்கூடத் தாங்கிவிடுவார். ஆனால் வெங்காயம் நடாத தருமலிங்கம் என்று ஒரு ஆள் இருக்க முடியுமா?

டொக்டர் ஒரு இளம் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்தார். தருமண்ணையைப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்...

"ஐயா, உங்களுக்கு ஆண் ஹோர்மோன் குறைவு. குறைஞ்சால் தலையிலை இருந்து 'கூடச் செய்' எண்டு ஓடர் வரவேணும். அந்த ஓடரும் வரேல்லை. வெளியாலை ஏதும் எடுத்தனீங்களோ?"

"இல்லை" என்றார் தருமண்ணை, மின்விசிறியைப் பார்த்தபடி.

"மருந்து ஒண்டும் எடுக்கேல்லை டொக்டர்" என்றார் மச்சாள். "தோள் நோவுக்கு ஒரு ஜெல் பூசினவர். லண்டன் சாமான்."

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற எந்த டியூப்பும் நோவு மருந்துதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வாசிக்கிறார்கள்?

பிறகுதான் உண்மை வந்தது. லண்டனிலிருந்து லீவில் வந்த பழைய வகுப்புத் தோழர் ஒருவர் – தலைக்கு மை, நடையில் துள்ளல் – தனக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் ஜெல்லில் நாலைந்து டியூப்பை நட்புக்காகக் கொடுத்திருக்கிறார். "தோளிலை பூசு மச்சான், மாடு மாதிரி நிப்பாய்." இவரும் பூசினார். நின்றார்தான். சில மாதம் தோட்டத்தில் கன்றுக்குட்டி மாதிரித் திரிந்தார். டியூப்கள் முடிந்தன... ஆளும் விழுந்தார்.

மச்சாள் மெல்ல வாய் திறந்தார். "டொக்டர், நானும் முழங்காலுக்குப் பூசினனான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அம்மா, முகத்திலை புதுசா மயிர் ஏதும் முளைச்சதோ?"

மச்சாளின் கை முகத்து நாடிக்குப் போனது. தருமண்ணைக்கு வேறு கவலை. "அப்ப பாதி உன்ரை முழங்காலுக்கோ போனது?"

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "மூளைக்குக் கீழை கடலைப் பருப்பளவிலை பிட்யூட்டரி எண்டு ஒரு சுரப்பி. அதுக்குள்ளை 'செல்' எண்டு சொல்லுற சில கலங்களுக்கு இந்த ஓடர் அனுப்புறதுதான் வேலை. வெளியாலை வந்த சாமான் இரத்தத்திலை நிறைஞ்சு கிடந்தால், 'இனி எங்களுக்கென்ன' எண்டு அதுகள் சும்மா இருக்கும். கனநாள் வேலையில்லாட்டி சுருங்கிப் படுத்திடும்."

"விளங்குது" என்றார் தருமண்ணை. "லண்டன் காசு வரத் தொடங்கினவுடனை எங்கடை ஊர் ஒழுங்கைப் பெடியள் மண்வெட்டியைப் போட்டிட்டு மோட்டச்சைக்கிளிலை திரியிற மாதிரி."

அறையில் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. குரல் இறங்கியிருந்தது. "காசு நிண்டால்... பெடியள் திரும்பத் தோட்டத்துக்கு வருவினமோ பிள்ளை?"

"வருவினம் எண்டுதான் நினைக்கிறன். ஆனா வயசு போன பெடியள்தானே, ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் எழும்புவினம். எழும்பாட்டி நான் பாத்து மருந்து தாறன். வேறை ஆரின்ரையும் டியூப்பை மட்டும் தொடாதேங்கோ."

திரும்பி வரும்போது காருக்குள் ரூபனின் போன். "அப்பா, ஏன் கிடந்து கஷ்டப்படுறியள்? மாதம் மாதம் நான் அனுப்புறன். பேசாமல் வீட்டிலை இருங்கோ."

"வேண்டாம் தம்பி" என்றார் தருமண்ணை. "வெளியாலை வந்தால் உள்ளுக்கை இருக்கிறவன் படுத்திடுவான். டொக்டரே சொல்லிப்போட்டா."

ரூபனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. ஒரு நிமிஷம் ரோட்டைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

நேற்றுப் புத்தூருக்குப் போனேன். வீட்டில் கதிரையைக் காணோம். தருமண்ணை அதைத் தோட்டத்துக்கே கொண்டு போய்விட்டார். ஒரு பாத்தி நடுவது, வந்து இருப்பது, எழும்பி அடுத்த பாத்தி. "தலைக்குள்ளை இருக்கிற பெடியள் ஆறுதலா எழும்பட்டும். நானும் ஆறுதலா நடுறன்" என்றார். அதைவிட வேறென்ன வைத்தியம் வேண்டும்?

நான் காரில் ஏறும்போது மச்சாள் படலை வரைக்கும் வந்து காதோடு கேட்டார் – "நாடியிலை ரெண்டு மயிர் வந்தால் வரட்டும், என்ரை முழங்கால் நோவு பறந்து போச்சுது... இன்னுமொரு டியூப் எடுப்பிக்கேலாதோ?"