குளிரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த குரல்

ஜோஸ்லினுக்கு ஒரு குரலின்மேல் பைத்தியம் பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் குரலுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, முகமும் கிடையாது. இருந்ததெல்லாம் விரித்த கை அகலத்தில் ஒரு சின்ன இசைத்தட்டு. நடுவில், பாடியவர் பெயர் அச்சிட வேண்டிய இடத்தில், வெறும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத். வயது நாற்பத்தேழு. தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவின் மூத்த நர்ஸ். இப்படிப்பட்டவளுக்கு அமெரிக்க சோல் பாட்டு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுடைய அக்காவே கேட்டிருக்கிறாள். வந்தது வார்டிலிருந்துதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஆப்பிரிக்கத் தூதரகம் ஒன்றின் டிரைவர் வாரம் மூன்று நாள் வந்து நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பார். காதில் எப்போதும் பாட்டு. ஒரு நாள் ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயத்தில் பாடிய பாட்டைக் காதலுக்கும் கண்ணீருக்கும் திருப்பிவிட்ட சங்கீதம் அது. கொயரில் பாடி வளர்ந்த ஜோஸ்லினுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இது நம்ம கோயில் பாட்டுல்லா! யாரு இதுல இவ்ளோ காரத்தப் போட்டது?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சிரித்தார்.

அன்று பிடித்த கிறுக்கு. ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுச் சாமானை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் டியூட்டி முடிந்த கையோடு ஓடுவாள். மற்றவர்கள் மைக்ரோவேவுக்கு அடித்துக்கொள்ள, இவள் சோபாவுக்குப் பின்னால் தவழ்ந்து அட்டைப்பெட்டியைத் துழாவுவாள். அவள் பீரோவில் புடவைக்கு ஒரு அடுக்கு, இசைத்தட்டுக்கு மூன்று அடுக்கு.

இந்த மாதிரிக் கிறுக்குகள் தனியாக இருப்பதில்லை. ஒன்றையொன்று மோப்பம் பிடித்துச் சேர்ந்துவிடும். தில்லியின் துவாரகாப் பகுதியில் கிளமெண்ட் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பாடும் ஆனபின், ஐந்து பேர் கூடுவார்கள். கிளமெண்ட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் திருச்சிக்காரன். தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் நல்ல டர்ன்டேபிள் அவனிடம்தான் இருந்தது. மதன் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். எந்தக் கம்பெனி எந்த வருடம் எத்தனை தட்டு போட்டது என்று கேட்காமலே சொல்வான். கேட்டாலும் நிறுத்தமாட்டான்.

அங்கே ஒரு ஆட்டம் உண்டு. தட்டின் நடுவே வட்டக் காகிதம் வைத்துப் பெயரை மூடிவிட்டுப் பாட விடுவார்கள். யார் பாடியது என்று ஆதாரத்தோடு முதலில் சொல்பவருக்குத் தட்டு சொந்தம். கொண்டுவந்தவரே பெயர் தெரியாமல் கொண்டுவந்து, பிறகு தானே கண்டுபிடித்துவிட்டால், தட்டு அவரிடமே தங்கிவிடும். இந்த விதியில் கண்ணீர், கெஞ்சல், உறவுமுறை எதுவும் செல்லாது. மதன் ஒருமுறை தன் உயிருக்குயிரான தட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை.

ஜோஸ்லினின் வெள்ளைத் தட்டு பழைய தில்லியில் ரஃபீக் பாய் கடையில் கிடைத்தது. கன்னாட் பிளேஸில் மூடிப்போன ஒரு பழைய ஓட்டலின் சாமான்களோடு வந்த கட்டு அது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துள்ளலான தாளம். அதன்மேல் ஒரு இளம்பெண்ணின் குரல், ஆங்கிலத்தில், குளிரில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறது. பஸ் வருகிறது, காதல் வரவில்லை. இரண்டாவது சரணத்தில் அந்தப் பெண்ணுக்குச் சின்னதாய் ஒரு விக்கல். அழுகையா, வெட்கமா? அந்த ஒரு விக்கலுக்கு மட்டும் ஜோஸ்லின் ஊசியை இருபது தடவை பின்னால் நகர்த்தினாள்.

ஐந்து பேரும் எட்டு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். குளிர், பஸ், காற்று என்று வருவதால் சிகாகோதான் என்று மதன் அடித்துச் சொன்னான். வெளிநாட்டு ரசிகர்களுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். லிவர்பூல்காரர் ஒருவர் மூன்று பெயர் சொன்னார், மூன்றும் இல்லை. கடைசியில் ஜோஸ்லினே அவளுக்கு ரூபி என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்தபின் பிரிய முடியுமா? யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் பயந்துகொண்டே போனாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. கிளமெண்ட் பெரிய தட்டு ஒன்றைப் போட்டு முடித்துவிட்டு, ரூபியை எடுத்து வைத்தான். பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து. இவர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் அன்று சமோசாவைக் கடித்துக்கொண்டே ஊசியை இறக்கியவன் வேகத்தை மாற்ற மறந்துவிட்டான்.

“ஸ்பீடு! ஸ்பீடு!” என்று நான்கு பேர் கத்தினார்கள்.

“சாரி சாரி, ஏக் மினிட்…” கிளமெண்ட் கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

பாடியது ஓர் ஆண்.

தாளம் நிதானமாக, முரசின் அடி வயிற்றில் இறங்க, அடிக்குரலில் ஓர் இளைஞன் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். எல்லாம் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. எட்டு மாதமாகத் தவறான வேகத்தில் கேட்டிருக்கிறார்கள்! சின்னத் தட்டென்றால் நாற்பத்தைந்து என்று படித்துவைத்திருந்த ஐந்து மேதாவிகளில் ஒருவருக்கும் வேகத்தை மாற்றும் பிடியை நகர்த்திப் பார்க்கத் தோன்றவில்லை.

“அக்கா,” என்றான் கிளமெண்ட், “ரூபிக்கு மீசை முளைச்சிருச்சுக்கா!”

அறையே அதிர்ந்தது. மதன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஜோஸ்லின் சிரிக்கவில்லை. இரண்டாவது சரணம் வந்துகொண்டிருந்தது. விக்கல் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிரிப்பு. இரண்டே மூச்சு: ஹ, ஹா.

அந்தச் சிரிப்பை வாரம் மூன்று நாள் அவள் கேட்கிறாள். ஊசி குத்தினால் எல்லோரும் ‘ஐயோ’ என்பார்கள், ‘அம்மா’ என்பார்கள். ஏழாம் நம்பர் படுக்கைக்காரர் மட்டும் இப்படிச் சிரிப்பார். ஞானசீலன். பாளையங்கோட்டைக்காரர், எழுபத்தைந்து வயது, மத்திய அரசில் முப்பத்தாறு வருடம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர்.

“என்னக்கா, யாருன்னு தெரிஞ்சுபோச்சா? சொல்லிட்டீங்கன்னா தட்டு ஒங்களுக்குத்தான்” என்றான் மதன்.

“இல்ல, தெரியல” என்று ஜோஸ்லின் பொய் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மெட்ரோவில் திரும்பும்போது விளங்கியது. ஆதாரமில்லாமல் பெயரைச் சொன்னால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். அவரிடம் போய், ‘சார், இது நீங்கதான?’ என்று கேட்டால் போதும். அவர் தலையை ஆட்டிவிட்டால் கண்டுபிடித்தது அவள். தட்டு சாகும்வரை அவள் பீரோவில் இருக்கும். அதை அவள் அவ்வளவு விரும்பினாள். பெண்ணோ ஆணோ, அந்தக் குரல் அவளுடையது என்று மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஞானசீலன் வந்து படுத்தார். ஊசியைக் குத்தினாள். ஹ, ஹா. பதினெட்டு வருட சர்வீஸில் முதல் தடவையாக பிளாஸ்டரைக் கோணலாக ஒட்டினாள்.

மெஷின் ஓடத் தொடங்கியதும், பாட்டை இரண்டு வேகத்திலும் பதிந்து வைத்திருந்த செல்போனையும் இயர்போனையும் எடுத்துவந்தாள். தட்டையும் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள், பெயரில்லாத நடுவையும் ஆட்ட விதிப்படி வட்டக் காகிதத்தால் மூடி. கேட்க நினைத்த கேள்வி தொண்டைவரை வந்தது. வேறு கேள்வி வெளியே வந்தது.

“சார், ஒரு வெளயாட்டு. பாட்டு போடுதேன். பாடுனது யாருன்னு நீங்க சொல்லணும்.”

முதலில் பழக்கதோஷத்தில் வேகமான பதிவைத் தட்டிவிட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். “யாரோ ஒரு பிள்ள பாடுதா. பாவம், பஸ்ஸுக்குப் பின்னால ஓடிக்கிட்டே பாடுதா போல.”

ஜோஸ்லின் சரியான பதிவுக்கு மாற்றினாள்.

முரசு விழுந்தது. ஞானசீலனின் கால் விரல்கள் போர்வைக்குள் அசைந்தன. பிறகு நின்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சரணத்தில் இளைஞன் சிரித்தான். படுக்கையில் கிழவரும் சிரித்தார், அதே இரண்டு மூச்சு, அதே நொடியில். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“சிஸ்டர்… இது நான்லா.”

அவர் சொல்லச் சொல்ல அவளுக்குப் புல்லரித்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு; தில்லியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கன்னாட் பிளேஸ் ஓட்டலின் பேண்டில் பாடினார். பாட்டும் அவரே எழுதியது. பஸ் நின்றது சிகாகோவில் அல்ல, இங்கே தில்லியின் மோதி பாக்கில்.

“மேனேஜர் அஞ்சே அஞ்சு தட்டு போட்டாரு. பேரப் போடாதீங்கன்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். சர்க்கார் உத்தியோகம், பர்மிஷன் இல்லாம வெளிய பாடுனா சீட்ட கிழிச்சிருவான். புரொபேஷன் வேற. வீட்டுல வச்சா யாராவது பாத்துருவாவன்னு ஒரு தட்டுகூட வாங்கல. இன்னைக்குத்தான் மொதல்ல கேக்கேன்.”

ஜோஸ்லின் தட்டின்மேல் இருந்த காகிதத்தை எடுத்தாள். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. “அப்ப இது ஒங்களுக்கு, சார். யாருன்னு மொதல்ல சொன்னவியளுக்குத்தான் தட்டு. எங்க ரூலு அப்படி.”

“நெசமாவா சொல்லுதிய?” என்றார் அவர். குழந்தை மாதிரி இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவரையே துவாரகாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்த கிளமெண்ட், விஷயம் தெரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆயிரம் கம்பெனிப் பெயர் சொல்லும் மதன், அவர் உட்காரத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஞானசீலன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தட்டின் வெள்ளை நடுவைப் பார்த்தார், பிறகு ஜோஸ்லினைப் பார்த்தார்.

“பேர எழுதட்டுமா, சிஸ்டர்? பர்மிஷன் கெடைக்குமா?”

“குடுத்தாச்சு, சார். எழுதுங்க.”

ஆபீஸ் கோப்பில் கையெழுத்துப் போடுவதுபோல நிறுத்தி நிறுத்தி எழுதினார்: ஞானசீலன், மோதி பாக், 1974. மை காயும்வரை ஊதினார். ஜோஸ்லின் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போடு கிளமெண்டு,” என்றாள். “முப்பத்து மூணுல.”