எண்ணுகிறவளின் கை

பள்ளி வேன் கதவைச் சாத்துவதற்கு முன் அவள் உள்ளே குனிந்து ஒவ்வொரு தலையாகத் தொடுவாள். தூங்கி வழிகிற தலை, இருக்கைக்குக் கீழே பென்சில் தேடுகிற தலை, சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்குகிற தலை எல்லாவற்றிலும் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. "பார்த்ததெல்லாம் கணக்கில்ல. தொட்டாத்தான் கணக்கு" என்பாள்.

ஒருநாள் பின்சீட்டு வாண்டு ஒன்று, "உங்களை நீங்க எண்ணவே இல்லையே?" என்று கேட்டது.

"ஓட்டுறவ எங்கடா தொலையப் போறா?" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டாள்.

வேனைத் தட்டிக்கொடுத்துத்தான் கிளப்புவாள். "கிளம்புடா ராசா, மானத்தை வாங்காதே." அவள் இருக்கைக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் ஒற்றைக் காலுறை, ஒற்றைச் செருப்பு, மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில். உரியவர் வந்து வாங்கும்வரை எதையும் தூக்கிப் போடமாட்டாள்.

ஊருக்கெல்லாம் அவள் வேனக்கா. தலை நரைத்த தலைமையாசிரியைகூட அப்படித்தான் கூப்பிடுவார். பள்ளிக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கும் கூடப்பிறந்த அக்காவுக்கு இதில் பொய்க்கோபம். "மூத்தவ நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஊருக்கெல்லாம் அக்கா இவளாம்!" என்று ஊசியில் நூல் கோத்தபடி சொல்வாள். ஆனால் சட்டை தைக்க வந்தவர் யாராவது, "வேனக்கா உங்க தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டால் போதும். தையல் எந்திரத்தின் மிதியிலிருந்து கால் தானாக இறங்கிவிடும். அளவில் ஒரு நூல் பிசகாத அந்த அக்கா, அன்றைக்கு மட்டும் தோள் அளவை இரண்டாம் முறை எடுப்பாள்.

வேனக்காவின் மகளும் அக்காவின் மகனும் எதிரே உள்ள அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அதனால் இருவருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஆளுக்கொரு ஓட்டு உண்டு. குடும்பத்துக்கு ஒரு கை என்பது அங்கே சட்டம். முன்பெல்லாம் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர்தான் மேடையிலிருந்தபடி கண்ணால் எண்ணுவார். ஒருமுறை தலை சொறிந்தவரையும் கொட்டாவி விட்டுக் கை நீட்டியவரையும் சேர்த்து எண்ணியதில், யாருக்கும் வேண்டாத நாற்காலிகள் வந்து இறங்கின. பெரிய ரகளை. "பேசாம வேனக்காவை எண்ணச் சொல்லுங்கப்பா, பிள்ளைங்களையே தொலைக்காதவ" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றோடு அந்த வேலை அவளுடையதாயிற்று.

வரிசைக்குள் நுழைந்து, தூக்கிய கையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். ரொட்டிக்கடைக்காரர் ஒரு பக்கத்துக்கும் அவர் மனைவி மறுபக்கத்துக்கும் கை தூக்கினால், "வீட்டுலயே பேசி முடிச்சிட்டு வரக்கூடாதா? ரெண்டுல ஒண்ணை இறக்குங்க" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள். அனேகமாக இறங்குவது ரொட்டிக்கடைக்காரரின் கைதான்.

போன வருஷம் சங்கத்துக்கு வந்தது பெரிய பேச்சு. அவள் வேன் மாலையில் இரண்டு டிரிப் அடிக்கும். முதல் டிரிப் போய்வரும்வரை மற்றப் பிள்ளைகள் சுற்றுச்சுவர் ஓரம் வெட்டவெளியில் நிற்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் அதே இடம்தான். அவள் மகளும் அங்கேதான் நிற்பாள். அந்த இடத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்று வேனக்கா கேட்டாள். கூட்ட அறைக்கு ஒலிபெருக்கி வேண்டும் என்றார் தலைவர். கையிருப்பு ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும்.

பிள்ளைகளை இறக்கிவிடும்போதெல்லாம் அவள் அந்தந்த வீட்டு வாசலில் நின்று ஆதரவு திரட்டினாள். "இது எனக்காகன்னு நினைக்காதீங்க. என் வேனுக்கு ஏற்கெனவே கூரை இருக்கு."

கூட்டத்தன்று அறை நிரம்பியிருந்தது. அவள் கூரைக்கு உயர்ந்த கைகளைத் தொட்டு எண்ணினாள். பிறகு ஒலிபெருக்கிக்கு. அறையின் நடுவுக்கு வந்து, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல், "ஒலிபெருக்கிக்கு ஒரு கை அதிகம்" என்று அறிவித்தாள்.

முன்வரிசையிலிருந்த அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உன் கை எங்கடி?"

வேனக்கா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். எண்ணுகிற மும்முரத்தில் அவள் கை தூக்கவே இல்லை. தூக்கியிருந்தால் சமம். சமமாக வந்தால் பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பது வழக்கம்.

அக்கா எழுந்தே விட்டாள். "தலைவரே, இவ ஓட்டை யாரும் எண்ணலை!"

தலைவர் நல்ல மனுஷர். "அட ஆமா. தூக்கும்மா, சேர்த்துக்கலாம்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "முடிவு தெரிஞ்சப்புறம் தூக்கற கை என்ன கை?" என்று முணுமுணுத்தார்.

"வேண்டாம் சார்" என்றாள் வேனக்கா. "நானே எண்ணி நானே சொன்னேன். நானே மாத்தினா, நாளைக்கு என் எண்ணிக்கையை யார் நம்புவா?"

"பொழைக்கத் தெரியாத ஜென்மம்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் அக்கா. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். பொத்தான் தைக்க வந்தவர்கூடத் தப்பவில்லை. சொல்லச் சொல்ல, தங்கையின் குரல் கணீரென்று ஆகிக்கொண்டே போயிற்று.

மழைக்காலம் வந்தது. அக்கா தடித்த தார்ப்பாய் ஒன்றுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள். அதில் அவளுக்கு ஊசிகள் பல உடைந்தன. வேனக்கா அதைச் சுவருக்கும் மரத்துக்கும் இழுத்துக் கட்டினாள். காற்றடித்தால் ஒரு மூலை அவிழ்ந்துகொள்ளும். புது ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது. "இரண்டாவது டிரிப் பிள்ளைகள் நனையாமல் நிற்கவும்" என்று அதில் அறிவித்தது மழையிலும் தெருமுனைவரை கேட்டது. அப்போது மூலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வேனக்கா, "கேட்டுதா? நனையாம நில்லுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அவளே தொப்பலாக நனைந்திருந்தாள்.

இந்த வருஷம் கூரைப் பேச்சு மறுபடியும் வந்தது. போனமுறை எதிர்த்துக் கை தூக்கியவர்கள் இந்தமுறை எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ண வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று தலைவர் கேட்டபோது, "வேனக்காவே எண்ணட்டும்" என்று முதலில் சொன்னது, அன்று பின்னாலிருந்து முணுமுணுத்த அதே ஆள்.

"கூரை வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்று ஒலிபெருக்கியில் கேட்டார் தலைவர். முன்வரிசையில் அக்காவின் கை, தையல் விரலுறையோடு, எல்லோருக்கும் முன்னால் உயர்ந்தது. தங்கை தன்னை நோக்கித்தான் வருவாள் என்று காத்திருந்தாள்.

வேனக்கா நகரவில்லை. நின்ற இடத்திலேயே வலது கையை உயரத் தூக்கினாள். இடது ஆள்காட்டி விரலால் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்ணு" என்றாள். தூக்கிய கையை இறக்காமலே அக்காவின் பக்கம் திரும்பினாள்.